விரையில் கட்டி: கூச்சத்தால் கேட்காமல் விட்ட கேள்விகள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு விரைப் புற்றுநோயைப் பற்றி நான்கு வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அதன் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. இந்த நோயைப் பற்றி எங்களிடம் யாரும் பேசியதில்லை என்ற வரி மட்டும் பல கடிதங்களில் இருந்தது. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

என் மகனுக்கு 24 வயது. இடது விரை கல்லைப் போல் கெட்டியாகி நான்கு மாதங்கள் ஆகின்றன. எங்கள் பக்கத்தில் யானைக்கால் நோயால் ஓதம் இறங்கியவர்கள் பலர் உண்டு என்பதால், அதுதான் என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டு வந்தான். இப்போது ஸ்கேனில் கட்டி என்று எழுதியிருக்கிறார்கள். உள்ளூர் மருத்துவமனையில் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கலாம் என்கிறார்கள். உறவினர்கள் புற்றுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், மயிலாடுதுறை மாவட்டம்

அம்மா, உறவினர்கள் சொல்வதைக் கேளுங்கள். இந்த வாரமே கிளம்புங்கள். அதற்கு முன் விரையில் யாரும் ஊசி குத்தவோ, விரைப்பையைக் கிழித்துக் கட்டியை எடுக்கவோ அனுமதிக்காதீர்கள்.

மற்றப் பல புற்றுநோய்களில் முதலில் சதை எடுத்துப் பார்ப்பதுதான் முறை என்பதால், இந்த ஒன்றில் மட்டும் ஏன் கூடாது என்று உங்களுக்குத் தோன்றலாம். குழந்தை கருவில் இருக்கும்போது விரைகள் சிறுநீரகத்தின் அருகில்தான் உருவாகின்றன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழிறங்கி, பிறப்பதற்கு முன் விரைப்பைக்குள் வந்து சேர்கின்றன. அப்படி இறங்கும்போது தமக்குரிய இரத்தக் குழாய்களையும் நிணநீர்ப் பாதையையும் மேலிருந்து இழுத்துக்கொண்டே வருகின்றன. ஆகவே விரையில் தோன்றும் புற்றுநோய் பரவினால், காலில் புண் வந்தால் நெறி கட்டுகிற இடத்துக்குப் போவதில்லை. நேராக வயிற்றின் பின்புறம், முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரக மட்டத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. விரைப்பையின் தோலுக்கோ பாதை வேறு. அது தொடை இடுக்குக்குப் போகிறது. விரைப்பை வழியாக ஊசியோ கத்தியோ நுழைந்தால், புற்றணுக்களுக்கு இயல்பாக இல்லாத இரண்டாவது வழி ஒன்றை நாமே திறந்துவிட்டதாகிவிடும். அதனால்தான் அடிவயிற்றின் கீழ் மடிப்பில், குடலிறக்கத்துக்குக் கிழிப்பதைப் போன்ற இடத்தில் கிழித்து, விரையை அதன் நாளத்தோடு சேர்த்து மேல்வழியாக முழுமையாக எடுக்கிறோம். எடுத்த விரையே நமக்குப் பயாப்ஸி.

சிறப்பு மருத்துவமனைக்குப் போன முதல் நாளே இரத்தம் எடுப்பார்கள். ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன், பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். ஆகிய மூன்று டியூமர் மார்க்கர்களையும் (கட்டி இருந்தால் இரத்தத்தில் கூடும் பொருட்கள்) அறுவைக்கு முன் ஒரு முறையும், அறுவைக்குப் பின் சில வாரங்கள் திரும்பத் திரும்பவும் பார்க்க வேண்டும். முதலாவது ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை பாதியாகவும், இரண்டாவது ஒன்றிரண்டு நாளுக்கு ஒரு முறை பாதியாகவும் குறைய வேண்டும். அந்த வேகத்தில் குறையாமல் நின்றாலோ திரும்ப ஏறினாலோ, உடலில் வேறெங்கோ நோய் மிச்சமிருக்கிறது என்று பொருள். முன் அளவு கையில் இல்லாவிட்டால் பின் அளவைக் கொண்டு பெரிதாக எதையும் சொல்ல முடியாது. அவசரமாக வேறிடத்தில் அறுவை செய்துகொண்டு வருபவர்களிடம் நாங்கள் காணும் பெரிய குறை இதுதான். பிறகு நெஞ்சு, வயிறு, இடுப்பு ஆகியவற்றுக்கு சிடி ஸ்கேன் எடுப்பார்கள். அறுவை ஏறத்தாழ ஒரு மணி நேரம். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். மூச்சுத் திணறும் அளவுக்கு நுரையீரலில் நோய் பரவி வந்தவர்களுக்கு மட்டும் அறுவையைத் தள்ளிவைத்து மருந்தை முதலில் தொடங்குவதுண்டு.

எடுத்த விரையை நோயியல் மருத்துவர் பார்த்து, செமினோமா வகையா, செமினோமா அல்லாத வகையா என்று சொல்வார். அடுத்த முடிவுகள் அனைத்தும் அதைப் பொறுத்தவை. நோய் விரையோடு நின்றிருந்தால் பலருக்கு மேற்கொண்டு எந்தச் சிகிச்சையும் வேண்டியிருக்காது. உரிய நாளில் தவறாமல் வந்து இரத்தமும் ஸ்கேனும் பார்த்துக்கொண்டால் போதும். திரும்ப வரக்கூடும் என்று தோன்றினால் ஒரு தவணை மருந்து கொடுப்பதும் உண்டு. விரையோடு நின்ற நோயில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் முழுமையாகக் குணமடைகிறார்கள். வயிற்றுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பின்பும் பெரும்பாலோர் குணமடையும் புற்றுநோய் இது. வேறு உறுப்புகளின் புற்றுநோயில் இப்படிச் சொல்ல எனக்கு மிகச் சில வாய்ப்புகளே கிடைக்கின்றன.

ஓதத்தையும் கட்டியையும் எப்படிப் பிரிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் உங்கள் மாவட்டத்தார் தெரிந்துகொள்ள வேண்டும். நீர் கோத்த வீக்கத்தின் பின்னால் டார்ச் விளக்கை வைத்தால் ஒளி சிவப்பாக ஊடுருவித் தெரியும்; கட்டியில் தெரியாது. ஆனால் கட்டியைச் சுற்றியே நீர் கோத்துக்கொள்வதும் உண்டு என்பதால், இளைஞர்களுக்கு வருகிற எந்த விரை வீக்கத்துக்கும் ஸ்கேன் எடுக்காமல் மாத்திரையோடு காலம் தள்ளக் கூடாது.

உங்கள் மகன் நான்கு மாதம் தள்ளிப்போட்டதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர் சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த ஸ்கேன் அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். மடிப்பு விழுந்த இடங்களில் எழுத்தே அழிந்திருந்தது. தேதியைப் பார்த்தால் மூன்று மாதங்களுக்கு முந்தியது. வீட்டில் அம்மாவும் அக்காவும் மட்டுமே இருந்ததால் யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை என்றார். அவர் குணமாகிவிட்டார். ஆனால் அந்த மூன்று மாதங்களுக்குள் நோய் வயிற்றுக்கு ஏறியிருந்ததால், ஓர் அறுவையோடு முடிந்திருக்க வேண்டியது கீமோதெரபி வரை போனது.

பைக்கில் நெடுநேரம் போவதாலும், கிரிக்கெட் பந்து பட்டதாலும், மடியில் லேப்டாப் வைத்து வேலை செய்வதாலும் இந்த நோய் வருமா?
– ஒரு வாசகர், திருப்பூர்

இவற்றில் எதுவும் காரணமாக நிறுவப்படவில்லை. பந்து பட்ட பிறகு வலிக்கிறதென்று தொட்டுப் பார்க்கும்போது, முன்பே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. அதனால் அடிபட்டதுதான் காரணம் என்ற எண்ணம் தங்கிவிடுகிறது. பழக்கவழக்கத்தாலும் பாலுறவாலும் இது வருவதில்லை. யாருக்கும் தொற்றுவதும் இல்லை.

திருமணமாகி ஏழு மாதங்களே ஆகின்றன. என் கணவருக்கு வலது விரையை எடுக்க வேண்டும், பிறகு கீமோ தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்குக் குழந்தை பிறக்குமா என்று டாக்டரிடம் கேட்க இருவருக்குமே வாய் வரவில்லை.
– ஒரு வாசகி, சேலம்

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கும் வரை காத்திருக்காமல் மருத்துவரே முதலில் எடுத்திருக்க வேண்டும். அவர் எடுக்கவில்லையென்றால், நாளைக் காலையில் போய், விந்தணுவைச் சேமித்து வைக்க வேண்டும் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

ஒரு விரை நல்ல நிலையில் இருந்தாலே தாம்பத்தியத்துக்கும் குழந்தைப் பேற்றுக்கும் பொதுவாகப் போதுமானது. ஆண்மை ஹார்மோனையும் அந்த ஒன்றே சுரந்துவிடும். ஆனால் இந்த நோய் வந்த ஆண்களில் பலருக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணு எண்ணிக்கை குறைந்திருக்கிறது. கீமோ அதை இன்னும் குறைத்து, சில காலம் அறவே இல்லாமலும் செய்துவிடும். பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஆண்டுகளில் உற்பத்தி திரும்பிவிடுகிறது. யாருக்குத் திரும்பாது என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதனால்தான் முடிந்தால் அறுவைக்கு முன்பே, இயலாவிட்டால் கீமோவின் முதல் பாட்டில் ஏறுவதற்கு முன்பாவது, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஓரிரு முறை மாதிரி கொடுத்து, பதிவு பெற்ற விந்து வங்கியில் சேமிக்கச் சொல்கிறோம். அதைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரி குளிரில் வைத்திருப்பார்கள். எண்ணிக்கை குறைவு என்று தயங்க வேண்டாம். ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணுவைச் செலுத்திக் கருவாக்கும் இக்சி முறை இன்று பரவலாக இருப்பதால், உயிருள்ள அணுக்கள் சில கிடைத்தாலே சேமிப்பதில் பயன் உண்டு. இதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாது.

கீமோ நடக்கும்போதும், முடிந்த பின் மருத்துவர் சொல்லும் வரை, வழக்கமாக ஓராண்டு, கரு உண்டாகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்த இடம் வெறுமையாக இருப்பது உங்கள் கணவருக்கு மனவருத்தம் தந்தால், சிலிகானால் ஆன செயற்கை விரையைப் பொருத்திக்கொள்ளலாம். அது உருவத்துக்கு மட்டுமே. விரும்பாதவர்கள் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எனக்கு பி.இ.பி. என்ற கீமோ முதல் தவணை முடிந்துவிட்டது. மூன்று தவணை என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது தவணை தொடங்கும் நாளுக்கு மறுநாள் என் தங்கையின் திருமணம். ஒரு பத்து நாள் தள்ளிப்போடலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

தள்ளிப்போடக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் உறுதியாகச் சொல்கிறேன்.

பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்றின் முதலெழுத்துகளே பி.இ.பி. ஒரு தவணை என்பது 21 நாள். முதல் ஐந்து நாளும் சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் ஏறும். வாரத்துக்கு ஒரு முறையாகத் தவணைக்கு மூன்று முறை பிளியோமைசின் போடுவார்கள். நோய் பரவியிருந்தாலும் தீவிரம் குறைந்த பிரிவினருக்கு மூன்று தவணை, மற்றவர்களுக்கு நான்கு. இந்த மருந்தின் வெற்றிக்கு அதன் அளவு எவ்வளவு முக்கியமோ, நாள் தவறாமையும் அவ்வளவு முக்கியம். சிறப்பு மருத்துவமனையில் பழகியவர்கள் இரத்தத்தில் வெள்ளணு சற்றுக் குறைந்திருக்கிறது என்பதற்காக மட்டும் அளவைக் குறைப்பதோ நாளைத் தள்ளுவதோ இல்லை. வெள்ளணு ஏற ஊசி போட்டாவது நாளைக் காப்பாற்றுவார்கள். அனுபவம் குறைந்த இடங்களில் இரக்கப்பட்டு அளவைக் குறைத்துவிடுகிறார்கள். அந்த இரக்கத்துக்கான விலையை நோயாளி பின்னால் கொடுக்க வேண்டியிருக்கிறது. நோய் கடுமையாகப் பரவிய நிலையில், இத்தகைய நோயாளிகளை மிகக் குறைவாகப் பார்க்கும் மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்றவர்கள், நிறையப் பார்க்கும் இடங்களில் பெற்றவர்களைவிடக் குறைவாகவே பிழைத்தார்கள் என்பதை ஐரோப்பிய ஆய்வு ஒன்று 1999-லேயே காட்டியது.

பின்விளைவுகளை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் மூன்றை மட்டும் மறக்காதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாமல் இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிளியோமைசின் போட்ட அன்று மாலை குளிர் காய்ச்சல் வருவது வழக்கம்தான். அதையும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். வறட்டு இருமலோ மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதோ புதிதாக வந்தால், அடுத்த பிளியோமைசினுக்கு முன் சொல்லிவிட வேண்டும். அந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கக் கூடியது என்பதால் பீடி, சிகரெட் இன்றோடு நிற்க வேண்டும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தை வருத்தும் என்பதால்தான் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுகிறார்கள். அந்த நாட்களில் வலி மாத்திரையோ, கஷாயமோ, லேகியமோ, எதுவானாலும் கேட்காமல் சாப்பிடாதீர்கள். முடி மீண்டும் முளைத்துவிடும். காதில் இரைச்சலும் விரல் நுனி மரத்துப்போவதும் சிலருக்கு நீடிக்கும், தோன்றியவுடன் சொல்லிவிடுங்கள்.

தங்கையின் முகூர்த்தம் குறித்துவிட்டது, அதை மாற்ற முடியாது. ஆனால் மறுவீட்டு விருந்தைத் தவணையின் கடைசி வாரத்தில் வைத்துக்கொள்ளும்படி வீட்டாரிடம் கேளுங்கள். வெள்ளணு மீண்டும் ஏறி, நீங்கள் உட்கார்ந்து சாப்பிடும் தெம்போடு இருக்கும் நாட்கள் அவைதான்.

கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங்குக்கு வந்ததும் இதே நோயா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

உறவுடைய நோய், ஆனால் விரையில் வந்ததன்று. அவருக்கு இரு நுரையீரல்களுக்கும் இடையே நெஞ்சுக்கூட்டில் செமினோமா வந்தது. இனப்பெருக்க அணுக்களின் மூல அணுக்கள் கருவில் உடலின் நடுக்கோட்டை ஒட்டி நகரும்போது, வழியில் தங்கிவிட்டவற்றிலிருந்து இப்படி வரக்கூடும் என்று கருதுகிறோம். மருந்து ஏறத்தாழ ஒன்றே. 2012-ல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் டாக்டர் லாரன்ஸ் ஐன்ஹார்னிடம் அவர் சிகிச்சை பெற்றார்.

அந்த ஐன்ஹார்ன்தான் 1974-ல் சிஸ்பிளாட்டினை வின்பிளாஸ்டின், பிளியோமைசின் ஆகிய இரு மருந்துகளோடு சேர்த்து, பரவிய விரைப் புற்றுநோய்க்குக் கொடுத்துப் பார்த்தவர். அதற்கு முன் அந்த நிலையில் வந்த இளைஞர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. சிஸ்பிளாட்டின் கண்டுபிடிப்பும் எதிர்பாராமல் நடந்ததுதான். 1965-ல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க் என்ற அறிவியலாளர், மின்புலம் பாக்டீரியாக்களை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவை பிளவுபடாமல் நூல் நூலாக நீண்டன. காரணம் மின்சாரமன்று, மின்முனையிலிருந்து கரைந்த பிளாட்டினம் என்று பிறகு தெரிந்தது. உயிரணுக்கள் பிளந்து பெருகுவதை நிறுத்தும் பொருள் புற்றையும் நிறுத்தும் என்று அவர்கள் தொடர்ந்து போனதன் பயனை நம் வார்டுகளில் இன்று பார்க்கிறோம். யுவராஜ் திரும்பி வந்து ஆடிய முதல் சர்வதேசப் போட்டி 2012 செப்டம்பர் 11 அன்று நம் சேப்பாக்கத்தில் நடந்தது. அன்று அவர் எடுத்தது 34 ரன். ஆனால் அவர் களத்தில் இறங்கியபோது எழுந்த ஆரவாரம் எங்கள் நோயாளிகளுக்கு எந்த ஆலோசனையும் தராத தைரியத்தைத் தந்தது.

கீமோ நான்கு தவணையும் முடிந்து மார்க்கர் சரியாகிவிட்டது. ஆனால் வயிற்றில் 3 சென்டிமீட்டர் கட்டி இன்னும் இருக்கிறது, பெரிய அறுவை வேண்டும் என்கிறார்கள். மார்க்கர் சரியான பின் எதற்கு?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

உங்களுக்கு வந்தது செமினோமா அல்லாத வகை என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மிச்சமிருந்தால் எடுத்துவிடுவதே முறை. எடுத்துப் பார்த்தால் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வெறும் செத்த திசுவே இருக்கும். பத்தில் ஒருவருக்கு உயிருள்ள புற்றணு இருக்கும். மற்றவர்களுக்கு டெரட்டோமா என்ற, பலவகைத் திசுக்கள் கலந்த கட்டி இருக்கும். டெரட்டோமா மார்க்கரில் தெரியாது, எந்தக் கீமோவுக்கும் அசையாது, மெல்ல மெல்ல வளர்ந்து பக்கத்து உறுப்புகளை நெருக்கும். மூன்றில் எது என்று ஸ்கேனால் சொல்ல முடியாது. செமினோமா என்றால் கணக்கு வேறு. அங்கே, உயிர்ப்புள்ள புற்றணு இருக்கிறதா என்று காட்டும் பெட் ஸ்கேன் பார்த்துக் காத்திருக்க முடியும்.

இந்த அறுவை முதுகெலும்பின் முன்னால், உடலின் மிகப் பெரிய இரத்தக் குழாய்களை ஒட்டி, பல மணி நேரம் செய்யப்படுவது. விந்து வெளியேற்றத்துக்கான மெல்லிய நரம்புகளும் அங்கேதான் ஓடுகின்றன. அவற்றைக் காப்பாற்றி எடுக்க முடியுமா, இதைப் போன்ற அறுவையை ஆண்டுக்கு எத்தனை முறை செய்கிறீர்கள் என்ற இரண்டையும் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பழகியவர் தயங்காமல் பதில் சொல்வார்.

கூலி வேலை செய்பவர்கள் இத்தனை சிகிச்சைக்கு எங்கே போவது?
– ஒரு வாசகர், தருமபுரி

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை இந்நோய்க்கு முழுச் சிகிச்சை தரும் இடங்களில் சில. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப அட்டை (ஸ்மார்ட் கார்டு) நகலையும் காப்பீட்டு அட்டையையும் முதல் நாளே எடுத்துப் போங்கள். மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால் நோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை கிடைக்கும்.

என் இரண்டு வயதுப் பையனுக்கு ஒரு விரை இன்னும் இறங்கவில்லை. பெரியவனானால் தானாக இறங்கிவிடும் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஆறு மாதத்துக்குப் பிறகு தானாக இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை செய்து இறக்கி வைத்திருக்க வேண்டும். ஆகவே இனியும் தாமதிக்காமல் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். இறங்காத விரையில் பின்னாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். காலத்தில் இறக்கிவைத்தால் அது குறைகிறது, ஆனால் முற்றிலும் நீங்குவதில்லை. அவன் வளர்ந்து பதினைந்து வயதானதும், மாதம் ஒரு முறை வெந்நீரில் குளித்த பின் விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்க அவனுக்கு அப்பா சொல்லித் தர வேண்டும். பின்புறம் கயிறு போல் மெத்தென்று தட்டுப்படுவது இயல்பானது; விரையின் மேலேயே கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால், வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

கீமோ முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அடுத்த மாதம் குடலிறக்கத்துக்கு ஊரிலேயே அறுவை செய்துகொள்ளப் போகிறேன். பழைய ஃபைலை எடுத்துப் போக வேண்டுமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

கட்டாயம் எடுத்துப் போங்கள். நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பிவிடும் என்பதால் அந்தக் கவலை உங்களுக்கு மிகவும் குறைந்துவிட்டது. இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டு, மிச்சமிருக்கும் விரையை மாதந்தோறும் தொட்டுப் பாருங்கள். ஆனால் நீங்கள் முன்பு பிளியோமைசின் போட்டுக்கொண்டவர் என்பதை மயக்க மருத்துவர் அறிய வேண்டும். அந்த மருந்து பட்ட நுரையீரலுக்கு மயக்கத்தின்போது தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுப்பது தீங்காகலாம் என்பதால், அவர் அளவைப் பார்த்துக் கொடுப்பார். ஃபைல் பெரிதாக இருந்தால், எந்தெந்த மருந்து, எத்தனை தவணை, எந்த மாதம் முடிந்தது என்பது எழுதியிருக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை மட்டும் எடுத்து, அறுவைக்கு முந்தின நாளே அவர் கையில் நேரில் கொடுத்துவிடுங்கள்.